காலுக்கு வேலையில்லாத கார்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து, உரக்க வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கோலாலம்பூரில் மழை, மெஸ் சாப்பாட்டில் உப்பு இல்லை, தொழிற்சாலையில் ஊர் திரும்பும் வெள்ளைக்கார மேலாளரிடமிருந்து பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறாய், எல்லாம் வாசித்தேன். கடைசிப் பத்தியை மட்டும் வாசிக்காமல் மடித்துவிட்டேன். "அப்பா, இந்தக் காரில் குரூஸ் கண்ட்ரோல் இருக்கிறது. வேகத்தை வைத்துவிட்டால் தானே ஓடும், காலுக்கு வேலையில்லை. தீபாவளிக்கு வரும்போது ஈப்போவிலிருந்து தைப்பிங் வரைக்கும் நீங்கள்தான் ஓட்ட வேண்டும். இனிமேல் உங்கள் கால் ஒரு தடையே இல்லை." அப்பனைச் சந்தோஷப்படுத்துகிறோம் என்று சிரித்த முகத்தோடு எழுதியிருப்பாய். 

வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிடலாம். ஏன் என்று கேட்பாய். வயசாகிவிட்டது என்பேன். நீ நம்புவாய், ஏனென்றால் நான் சொல்வதை நம்புவது உன் பழக்கம். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் இரண்டு வருஷமாக உன்னை ஏமாற்றி வருகிறேன். நாலு நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். "ஒரு கடுதாசிக்கு இவ்ளோ காகிதமா" என்று உன் அம்மா கேட்டுவிட்டாள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத்து ஓடாது என்று அவளிடம் சாக்குச் சொன்னேன். எழுத்து நன்றாகத்தான் ஓடுகிறது. எழுத வேண்டிய விஷயத்துக்குப் பக்கத்தில் போனால்தான் கை நின்றுவிடுகிறது. இந்தத் தடவை கிழிக்கப் போவதில்லை.

நான் டிரைவர் என்பது உனக்குத் தெரியும். எப்படிக் கற்றேன் என்பது அவ்வளவாகத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன்பிருந்தே கோலகங்சார் தாண்டி இருந்த ரப்பர் தோட்டத்தில் நான் பால் லாரி ஓட்டினேன். மரத்திலிருந்து இறக்கிய பாலை டிரம்மில் ஏற்றிக்கொண்டு போய் ஸ்டோரில் இறக்குவது வேலை. சிந்தாமல் கொண்டுபோக முடியாது. சிந்திய பால் செருப்பில் பட்டால் காய்ந்து பசையாகிவிடும், செருப்பு பிரேக்கோடு ஒட்டிக்கொண்டு தூக்கினால் வராது. அதனால் எங்கள் தோட்டத்து டிரைவர்கள் எல்லாருமே வெறுங்கால்தான். செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவோம். அப்படி ஓட்டிப் பழகினவனுக்கு மீட்டர் முள் வேண்டாம். எஞ்சின் எங்கே திணறுகிறது, எந்த மேட்டில் இன்னும் ஒரு நூல் மிதிக்க வேண்டும் என்பதெல்லாம் உள்ளங்காலுக்கே தெரியும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. சப்பாத்துப் போட்டு ஓட்டுகிறவனைப் பார்த்தால், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு சோறு பிசைகிறவனைப் பார்ப்பது போல இருக்கும். ஈப்போவுக்கு வந்து நகரத்துக் கார் ஓட்டியபோதும் நான் அதை விடவில்லை.

தோட்டத்தில் இன்னொரு பழக்கமும் இருந்தது. செம்மண் பாதையில் குறுக்கே போகிறவர்கள் லாரிக்காக நிற்கமாட்டார்கள். தலையில் விறகோ தோளில் பால் வாளியோ இருக்கும், நின்றால் பாரம் சரியும். லாரியைப் பார்த்து ஒரு கையைத் தூக்குவார்கள், அவ்வளவுதான். தூக்கிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடப்பார்கள். கையைக் கண்டதும் வேகத்தைக் குறைக்க வேண்டியது டிரைவரின் கடமை. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் அதை மீறின டிரைவர் ஒருவனும் அங்கே இருந்ததில்லை. பன்னிரண்டு வருஷம் அந்தப் பாதையில் ஓட்டினேன், ஒரு கோழியைக்கூட அடிக்கவில்லை. பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். பாதிப் பேர் புது முதலாளியிடம் அதே லயத்து வீடுகளில் தங்கிவிட்டார்கள். நாம் ஈப்போவுக்கு வந்தோம். அப்போது உனக்குப் பத்து வயது. ஈயம் தோண்டும் லம்பம் வைத்திருந்த ஒரு சீன முதலாளியிடம், நம் தவுக்கேயிடம், எனக்கு டிரைவர் வேலை கிடைத்தது.

இனிப்பு நீர், இந்தச் சர்க்கரை வியாதி, எனக்கு எப்போது வந்தது என்று தெரியாது. கால் மரத்துப் போனது எப்போது என்று தெரியும். நீ பல்கலைக்கழகத்தில் இரண்டாவது வருஷம் படித்தபோது. முதலில் விரல்கள், பிறகு உள்ளங்கால். பெடலில் கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. கார் வெட்டி வெட்டி ஓடியது. பின்னால் உட்கார்ந்திருக்கும் தவுக்கே, காருக்கு இருமலா என்று கேட்டார். பெட்ரோல் சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

அந்த வருஷ விடுமுறையில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நான் வாசலில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நீ குனிந்து என் பாதத்தைப் பிடித்தாய். உன் மேசையில் இருந்து விழுந்த டிராயிங் பின் ஒன்று என் உள்ளங்காலில் தலை வரைக்கும் இறங்கியிருந்தது. காலையிலிருந்து அதோடுதான் நடந்திருக்கிறேன். நீ பிடுங்கினாய், இரத்தம் வந்தது, நான் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பா, இந்தக் காலோட காடி ஓட்டாதீங்கப்பா. பிரேக் எங்க இருக்குனு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். நான் கத்தினேன். "இருபத்தஞ்சு வருஷமா ஓட்டுறவனுக்கு நீ பிரேக்கைக் காட்டுறியா? நான் ஓட்டலைனா ஒன் படிப்பு ஆகாயத்துலேர்ந்து வருமா?" நீ தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாய். நியாயத்தைச் சொல்கிற பிள்ளையின் வாயை அடைக்க, உனக்காகத்தான் செய்கிறேன் என்பதைப் போல் வசதியான பேச்சு வேறு இல்லை. நீயும் ஒருநாள் அப்பன் ஆவாய். அந்தப் பேச்சை உன் பிள்ளையிடம் பேசாதே. அன்றைக்கு நான் உனக்காக ஓட்டவில்லை. டிரைவர் இல்லையென்றால் நான் யார் என்று எனக்கே தெரியாது, அந்தப் பயத்தில் ஓட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் தவுக்கே வெளிநாட்டிலிருந்து பெரிய கார் ஒன்றை இறக்கினார். ஈய விலை விழுந்து லம்பத்தை மூடிவிட்டு, வீடு கட்டி விற்கும் தொழிலுக்கு மாறியிருந்தார். வாரா வாரம் பினாங்குக்குப் போக வேண்டும். ஈப்போவுக்கு வடக்கே புது நெடுஞ்சாலையும் அப்போதுதான் திறந்திருந்தது. முதல் நாள் தவுக்கே வழக்கத்துக்கு மாறாக முன் இருக்கையில் ஏறி, மடியில் காரோடு வந்த புத்தகத்தை விரித்துக்கொண்டார். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. தொண்ணூறு வந்ததும் அதன் நுனியை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். "காக்கி லெப்பாஸ்" என்றார், காலை விடு என்று. நான் ஓர் அங்குலம் தூக்கிவிட்டு மறுபடி மிதித்தேன். "லெப்பாஸ்லா, லெப்பாஸ்" என்று என் முழங்காலைத் தட்டினார். மூன்றாவது தடவைதான் விட்டேன். கார் குறையவில்லை. மேடு வந்தது, நான் தொடாமலே பெடல் தானாகக் கீழே இறங்கியது. யாரோ கண்ணுக்குத் தெரியாதவன் என் இடத்தில் உட்கார்ந்து மிதிப்பது போல் இருந்தது. தவுக்கே சிரித்து, இனிமேல் நீ தூங்கலாம் என்று கிண்டல் செய்தார்.

எனக்கு அழுகை வந்தது தம்பி. சந்தோஷத்தில்தான். இனி யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். இரண்டே வாரத்தில் அந்தக் குச்சியின் வித்தையெல்லாம் படித்துவிட்டேன். மேலே தள்ளினால் கொஞ்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும், பிரேக்கைத் தொட்டால் மொத்தமும் விட்டுவிடும். கார் எண்ணெயில் வழுக்குவது போல் போனது. தவுக்கே நிம்மதியாகத் தூங்கினார். விழித்தபோது, இப்போதுதான் நீ பழைய மாதிரி ஓட்டுகிறாய் என்று பாராட்டினார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். நாளாக ஆக, வலது காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டப் பழகினேன். உணர்ச்சியில்லாத காலை எதிரே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கவில்லை. உன் காரிலும் அந்தக் கருவியைப் பயன்படுத்து, நான் தடுக்கவில்லை. அலுப்பில்லாமல் போகலாம். மழையில் மட்டும் வேண்டாம். காலைப் பிரேக்குக்கு எதிரிலேயே வைத்திரு. அந்தக் கருவிக்கு வேகம் மட்டும்தான் தெரியும், பாதையில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பது உன் வேலை.

அந்த நெடுஞ்சாலை நம்முடைய பழைய தோட்டத்தை நடுவில் வெட்டிக்கொண்டு போகிறது. லயத்து வீடுகள் ஒரு பக்கம், மாரியம்மன் கோயிலும் மளிகைக் கடையும் மறுபக்கம். சுற்றிப் போக வேண்டுமென்றால் மூன்று மைல். எவன் போவான்? வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி செய்து, பழைய பாதையிலேயே குறுக்கே நடந்தார்கள். அந்த ஓட்டையை முதல் பயணத்திலேயே கவனித்துவிட்டேன். ஆரம்பத்தில் அந்த இடம் வருவதற்கு முன்பே குனிந்து பார்த்து, காலைப் பிரேக்கில் வைத்து, மெதுவாகக் கடப்பேன். ஆனால் அதற்குப் பிறகு மறுபடி காலால் வேகம் ஏற்ற வேண்டும். கார் வெட்டும், தவுக்கே விழிப்பார், என் கால் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று மாதம் ஒருவரும் எதிர்ப்படவில்லை. நான் மெதுவாகப் போவதை விட்டுவிட்டேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை, உச்சி வெயில். வேகத்தை நூறில் வைத்திருந்தேன். தூரத்தில் வேலிப் பக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தாரில் ஏறினார். பின்னால் அரிசி மூட்டை. அவர் என் காரைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு கையைத் தூக்கினார். தூக்கிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். இந்த நாட்டில் வேறு எந்த மனிதனும் நெடுஞ்சாலையில் கையைத் தூக்கிவிட்டு நடக்கமாட்டான். வேறு எந்த டிரைவருக்கும் அந்தக் கைக்கு அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும். காலை முன்னால் கொண்டுவந்து என் பலம் மொத்தத்தையும் சேர்த்து மிதித்தேன். கார் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். கீழே பார்த்தபோது என் பாதம் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் விரிப்பை மிதித்துக்கொண்டிருந்தது. கையால் குச்சியைத் தட்டியிருக்கலாம், ஸ்டீயரிங்கை ஒடித்திருக்கலாம். ஒன்றும் தோன்றவில்லை. காலைத் தூக்கிச் சரியான இடத்தில் வைப்பதற்குள் முடிந்துவிட்டது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். முனியாண்டி. நான் பால் லாரி ஓட்டிய காலத்தில் ஸ்டோரில் தினமும் வாளியோடு வரிசையில் நின்ற, ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிற மரம் வெட்டுக்காரன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். உயிர் இல்லை. லயத்திலிருந்து சனங்கள் ஓடி வந்தார்கள். அவன் மனைவி லெட்சுமி செருப்பில்லாமல் ஓடி வந்து விழுந்தாள். போலீஸ் வந்தது. மோதலில்தான் விழித்திருந்த தவுக்கே என் முகத்தைப் பார்த்தார். என்ன நடந்தது என்று ஒரு போலீஸ்காரர் கேட்டார். திடீரென்று ஓடி வந்து குறுக்கே பாய்ந்துவிட்டான் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, தயாராக வாயில் இருந்தது போல் வந்தது. ஸ்டேஷனில் அதையே மலாய் மொழியில் எழுதி, என்னிடம் வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். நடந்து போன மனிதனை ஓட வைத்தது என் கையெழுத்து. நடக்கக்கூடாத சாலையில், அதுவும் பாய்ந்து விழுந்தவன் என்று எழுதியான பிறகு, லெட்சுமி போன இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். நஷ்ட ஈடு என்று ஒரு சல்லிகூட அவளுக்கு வரவில்லை.

அன்று மாலை நீ விடுதியிலிருந்து போன் செய்தாய். யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். "அப்பா, நீங்க பிரேக் மிதிச்சீங்களா?" என்று மட்டும்தான் கேட்டாய். "மிதிச்சேன்யா, முழுசா மிதிச்சேன்" என்றேன்.  பிறகு, "சரிப்பா, விதி. நீங்க மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்றாய். டிராயிங் பின்னைப் பிடுங்கிய பிள்ளைக்கு அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும். அப்பனுக்காக அதை முழுங்கினாய். உன்னையும் இந்தப் பொய்யில் பங்காளி ஆக்கிவிட்டேன். சில மாதத்தில் புண் வைத்து என் இரண்டு கால் விரல்களை எடுத்தார்கள், வேலை போனது, வீட்டில் உட்கார்ந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் அந்தச் சோற்றைத்தான் தினமும் தின்ன வேண்டியிருக்கிறது.

மாதம் ஒருமுறை அந்தத் தோட்டத்துக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். அரிசி, பால் டின், மகள் செல்விக்குத் தேவையான சாமான்கள். பழைய தோட்டத்து உறவு, பாவம், ஆண் துணை இல்லாத வீடு என்று உன் அம்மாவும் கூட வருவாள். லெட்சுமி என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். "வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா" என்று வரக்கோப்பி போட்டுக் கொடுப்பாள். அந்தக் கோப்பி என் தொண்டையில் இறங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். செல்வி பள்ளிப் படிப்பை முடித்து ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். போன மாதம் சித்தியவானில் ஒரு நல்ல பையன் அமைந்தான், பஸ் கண்டக்டர். லெட்சுமி வீட்டுக்கே வந்து வெற்றிலைத் தட்டை வைத்தாள். "அண்ணே, அவ அப்பா எடத்துல நீங்களும் அக்காவும் நின்னு தாரை வார்த்துக் குடுக்கணும். எனக்குனு வேற யாரு இருக்கா?" உன் அம்மா அழுதுவிட்டாள். பெண் பிள்ளை இல்லாத குறை இப்படித் தீர்கிறது என்றாள். மறுநாளே கடைக்குப் போய்ப் பட்டுச் சேலை எடுத்து வந்தாள். அந்தத் தட்டைத் தொட்டது என் கைக்கு இன்னும் தெரிகிறது.

கொன்ற கையால் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்க என்னால் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தனியாகத் தோட்டத்துக்குப் போனேன். லெட்சுமி வாசலில் உட்கார்ந்து கல்யாணத்துக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கால் மரத்தது, அந்தக் குச்சி, விரிப்பை மிதித்தது, அவன் கை தூக்கினது, ஓடி வரவில்லை என்பது. அவள் புடைப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். "தெரியும்ணே" என்றாள்.  "அன்னிக்கு அந்தத் தார் கொதிச்சிச்சி. ஓடியாந்தவங்க எல்லாம் கால மாத்தி மாத்தி வச்சாங்க. என் பாதம் கொப்பளிச்சிப் போச்சி. நீங்க வெறுங்காலோட அரை மணி நேரம் அசையாம நின்னீங்க. எங்கம்மாவுக்கும் இனிப்பு நீருதான், கால் செத்துதான் செத்தாங்க. எனக்குத் தெரியாதா?"

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கிற யோக்கியதையைப் பார். "சொன்னா யாருண்ணே கேப்பா, தவுக்கே காடிய விட்டுட்டு எங்கள? அப்பறம் நீங்க வந்தீங்க, அக்கா வந்தாங்க. வயசுப் பிள்ளைய வச்சிருக்கேன், ஒரு ஆம்பள துணை வேணும். தெரியாத மாதிரியே இருந்துட்டா அப்படியே காலம் போயிரும்னு நெனச்சேன். ஓட்டிட்டேன்லா, ரெண்டு வருஷம்." கண்ணில் ஒரு சொட்டுக் கிடையாது. "இப்ப எதுக்குண்ணே சொன்னீங்க? நீங்க சொல்லாத வரைக்கும் நான் தெரியாதவளாட்டம் அவ கைய ஒங்க கையில குடுத்திருப்பேன். இப்ப சொல்லிட்டீங்க. என் காதுல விழுந்திருச்சி. இனி எப்படிக் குடுப்பேன்? ஒங்க பாரத்த எறக்கி என் தலையில வச்சிட்டீங்க." நான் கையைக் கூப்பினேன். அவள் எழுந்து முறத்தை எடுத்துக்கொண்டாள். "மனசு கேக்கலைனா, பொய் சொன்ன எடத்துல போயி நெசத்த சொல்லியிருக்கணும். அவரு ஓடல, நடந்தாருனு அங்க எழுதச் சொல்லுங்க. என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? கல்யாணத்துக்கு வராதீங்கண்ணே. சாமானும் கொண்டு வராதீங்க." கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்விட்டாள். நான் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? லெட்சுமியின் சித்தப்பா ஒருவர் பாரிட் புந்தாரில் இருக்கிறாராம், முறைப்படி அவர்தான் நிற்க வேண்டுமாம், நம்மை வேண்டாம் என்றுவிட்டாள் என்றேன். அம்மா சேலையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நன்றி கெட்டவள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இந்தப் பட்டத்தையும் நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இதைவிடக் கீழே இறங்க இடமில்லை என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன், இடம் இருக்கிறது.

மறுநாள் திங்கட்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்த ஸ்டேஷனுக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மலாயில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் ஓடவில்லை, நடந்தார். என் கால் மரத்திருந்தது. இரண்டே வரிதான். மேசையில் உன் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மரியாதையான பையன். என் நடையைப் பார்த்து எழுந்து வந்து நாற்காலி போட்டான். "என்ன விஷயம், பாக்சிக்?" என்று மாமா முறை வைத்துக் கேட்டான். வாயைத் திறந்தேன். லைசென்ஸ் தொலைந்துவிட்டது என்றேன். அவன் ஒரு தாளை எடுத்து, எங்கே தொலைந்தது, எப்போது தொலைந்தது என்று பொறுமையாகக் கேட்டு எழுதி, என்னிடம் வாசித்துக் காட்டினான். கையெழுத்துப் போட்டேன். லைசென்ஸ் என் சட்டைப் பையில் இருந்தது. இப்போது அந்த ஸ்டேஷனில் என் கையெழுத்தோடு இரண்டு பொய்கள் இருக்கின்றன.

லெட்சுமி சொன்னது சரி. அவள் தலையில் இறக்கியதை இப்போது உன் தலையிலும் இறக்குகிறேன். இதைப் படித்த பிறகு, எந்தப் பணத்தில் படித்தோம் என்று உனக்குச் சோறு இறங்காது. உன் கல்யாணப் பேச்சு நடக்கும் நேரத்தில் அப்பன் பேரில் வழக்கு என்றால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். ஜெயில் என்றால் ஜெயில், அதற்குப் பயமில்லை என்று எழுதப் பார்த்தேன். பொய். பயமாக இருக்கிறது. இரண்டு வருஷமாக அது ஒன்றுதான் எனக்குள் உயிரோடு இருக்கிறது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கவில்லை, அதைக் கொடுக்க வேண்டியவள் லெட்சுமி, அவளும் கொடுக்கமாட்டாள். உன்னிடம் கேட்பது வேறு. தீபாவளிக்கு முதல் நாளே வா. உன் காரிலேயே வா, நீயே ஓட்டு. அம்மாவிடம் கடைக்குப் போகிறோம் என்று சொல்லி என்னை ஏற்றிக்கொண்டு அந்த ஸ்டேஷனுக்குப் போ. பண்டிகை முடியட்டும் என்பேன். உன் எதிர்காலம் கெட்டுவிடும், உனக்காகத்தான் வேண்டாம் என்கிறேன் என்பேன். அழுவேன்கூட. கேட்காதே தம்பி. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், நான் வாயைத் திறக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நில்.

அப்பா